கனிம வளம் கொண்ட நில வரி (தமிழ்நாடு)

கனிம வளம் கொண்ட நில வரி என்பது, கனிமம் வெட்டியெடுக்கப்படும் நிலத்தின் மீது தமிழ்நாடு அரசு விதிக்கும் வரி ஆகும். 2024 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, இது 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. கனிமத்தின் மீது வரி விதிக்கும் உரிமை ஒன்றிய அரசுக்கா, மாநிலத்துக்கா, உள்ளாட்சிக்கா என்ற நீண்ட வழக்கின் தொடர்ச்சியாக இவ்வரி அமைந்தது.

பின்னணி

1958 ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் 115 ஆம் பிரிவு, நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு தலவரி விதித்தது. 1964 இல் செய்யப்பட்ட திருத்தம், சுரங்க நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையையும் (ராயல்டி) நிலவரிக் கணக்கில் சேர்த்தது. இதனால் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊரின் ஊராட்சிக்கு, வெட்டும் அளவுக்கேற்ப வருவாய் கிடைக்க வழி ஏற்பட்டது.

சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டத்தில் உள்ள சின்னாகவுண்டனூரில் சுண்ணாம்புக்கல் குத்தகை பெற்றிருந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. நெல்லையை அடுத்த தாழையூத்தில் முதல் ஆலையைத் தொடங்கிய நிறுவனம் இது. 1989 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உரிமத்தொகையும் ஒரு வரியே என்றும், அதன் மீது தலவரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு மாற்றம்

2004 இல் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முந்தைய தீர்ப்பில் எழுத்துப் பிழை நேர்ந்திருப்பதாகக் கூறியது. 'உரிமத்தொகை மீதான தலவரி ஒரு வரி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'உரிமத்தொகை ஒரு வரி' என்று பதிவாகிவிட்டது என்பது அதன் கருத்து. இரு தீர்ப்புகளும் முரண்பட்டதால் வழக்கு ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குச் சென்றது.

2024 ஜூலை 25 அன்று அந்த அமர்வு, 8:1 என்ற பெரும்பான்மையில் 1989 தீர்ப்பை மாற்றியது. அதன்படி உரிமத்தொகை என்பது குத்தகைதாரர் நில உரிமையாளருக்குத் தரும் ஒப்பந்தத் தொகை; அது வரி அன்று. கனிம நிலத்தின் மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம். நீதிபதி பி. வி. நாகரத்னா மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். மாநிலங்களுக்கிடையே போட்டி எழுந்து கனிமங்களின் விலை சீரற்றுப் போகும் என்பது அவர் சுட்டிய ஆபத்துகளுள் ஒன்று.

பழைய நிலுவை குறித்து 2024 ஆகஸ்ட் 14 அன்று தனி ஆணை வந்தது. 2005 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு மாநிலங்கள் வரி கேட்கலாம். ஆனால் அதை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுத் தவணைகளில் பெற வேண்டும் என்று அது கூறியது.

தொழில்துறையின் எதிர்ப்பு

புதிய சட்டத்தின்படி டன் ஒன்றுக்குச் சுண்ணாம்புக்கல்லுக்கு 160 ரூபாயும், சாதாரணக் கல்லுக்கு 90 ரூபாயும் வரியாக விதிக்கப்பட்டன. சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவற்றின் உற்பத்திச் செலவு உயரும் என்று தொழில்துறையினர் கூறினர். 2025 ஏப்ரலில் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பேச்சுவார்த்தைக்குப் பின் சாதாரணக் கல்லுக்கான சீனியரேஜ் தொகை டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. நில வரி நீக்கப்படவில்லை.

உள்ளாட்சிகளின் நிலை

சிறு கனிமங்களுக்கான சீனியரேஜ், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கப்படும் வருவாய்களில் ஒன்று. நில வரியோ மாநில அரசு விதிப்பது. எனவே எந்தத் தொகை குறைகிறது, எது நீடிக்கிறது என்பது குவாரி உள்ள ஊருக்கும் முக்கியமானது. புளியங்குடி அமைந்துள்ள தென்காசி மாவட்டத்திலிருந்து கல்லும் எம்-சாண்டும் புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்கின்றன. பாரம் ஏற்றிய லாரிகளால் பழுதாகும் சாலையும், வெடிவைப்பின் அதிர்வும், தூசியும் உள்ளூரின் சுமையாக எஞ்சுகின்றன. 1958 சட்டத்தின் தலவரி கனிம வருவாயை நேரடியாக ஊராட்சியுடன் இணைத்தது. 2024 தீர்ப்பு மாநிலத்தின் வரி உரிமையை மீட்டுத் தந்தது. அதில் ஊராட்சியின் பங்கு எவ்வளவு என்பது மாநிலத்தின் முடிவைப் பொறுத்தது.