நீர்ப்பீப்பாவிற் கசிவின்றித் துளையிடல்

புளியந்தீவைச் சூழ்ந்த மணற்பாங்கான நிலங்களில் மரக்கறி செய்வோருக்குச் சிறுபோகத்தில் ஒவ்வொரு வாளி நீரும் பெறுமதியுடையது. பிளாத்திக்குப் பீப்பாவை உளியாலோ சுட்ட கம்பியாலோ துளைத்தால் ஓரம் கோணலாகி நீர் கசியும்.

ஆகவே, விளிம்பிற் பற்களுள்ள கிண்ண வடிவான துளைவாளை மின்துறப்பணத்திற் பூட்டி அறுத்தல் நன்று. குழாய்முனையின் மரையை அளந்து, அதற்கேற்ற வாளைத் தெரிந்து, முதலிற் கழிவுத் துண்டிற் சோதிக்குக. மெதுவாகச் சுழற்றுக, விரைந்தாற் பிளாத்திக்கு உருகிப் பற்களில் ஒட்டும். மெல்லிய தகரமாயின் இரு பலகைகளுக்கிடையே இறுக்கி, சிறிது எண்ணெயிட்டு அறுக்குக. பிசிரை நீக்கி, இறப்பர் வளையமிட்டு முனையை முடுக்குக.

கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிக. கையுறை வேண்டாம், சுழலும் வாள் அதனைப் பற்றி விரலை முறிக்கக்கூடும்.

கிருமிநாசினியோ பெற்றோலோ இருந்த பீப்பாவைத் தொடற்க. முன்னதில் நஞ்சு எஞ்சும். பின்னதில் ஆவி தீப்பற்றும்.