புல்லுக்கு எத்தனை குடம்?

தண்ணீர் பாய்ச்சுவதற்கும் ஒரு படிப்பா என்று தோழியர் கேட்கலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மூடினால் நிற்கிறது, இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? கையால் திறந்து மூடும் குழாய்க்கு அது சரி. ஆனால் விடியற்காலையில் நாம் உறங்கும்போதே தானாகத் திறந்து, தானாக மூடிக்கொள்ளும் குழாய் வீட்டில் இருந்தால், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்று யாராவது அதற்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொல்பவருக்குப் புல்லைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் முன்புறம் 60 சதுர மீட்டர் அளவுக்குப் புல்தரை உண்டு. அப்பா ஆசையாக வைத்தது. அதற்கு நீர் தெளிக்கத் தரைக்கடியில் குழாய்களும், நீர் வரும்போது மட்டும் தலையை நீட்டும் ஸ்பிரிங்க்ளர்களும், சுவரில் ஒரு டைமர் பெட்டியும் இருக்கின்றன. அப்பாவுக்கு வெளி மாநிலத்திற்கு மாற்றல் ஆனபின் அந்தப் பெட்டியின் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டின் பின்புறம் நான்கடி விட்டமுள்ள உறைக்கிணறு ஒன்றும் உண்டு. கோடையில் எங்கள் தெருவின் கடைசியில் உள்ள வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் சரியாக வருவதில்லை. அந்த அக்காமார் காலை ஆறு மணிக்குக் குடங்களுடன் எங்கள் கிணற்றுக்கு வருவார்கள். பாட்டி காலத்திலிருந்து உள்ள வழக்கம் இது. புல்லும் அவர்களும் குடிப்பது ஒரே கிணற்றில்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். குறித்த நேரம் வந்ததும் டைமர் மோட்டாரை ஓட விடுகிறது. அதே நேரத்தில் 24 வோல்ட் மின்சாரத்தை ஒரு வால்வுக்கு அனுப்புகிறது. வால்வுக்குள் ரப்பரால் ஆன ஒரு தட்டு இருக்கிறது. அதை மூடி வைத்திருப்பது எந்த ஸ்குரூவும் அல்ல, தட்டின் மேல்பக்கம் நிற்கும் தண்ணீரின் அழுத்தமே! மின்சாரம் வந்ததும் கம்பிச்சுருள் மின்காந்தமாகி, சிறு இரும்புத் தண்டு ஒன்றை மேலே இழுக்கிறது. மேல்பக்கத்து நீர் ஒரு சிறு துளை வழியாக வெளியேறி அழுத்தம் குறைகிறது. உடனே கீழே உள்ள நீர் தட்டைத் தள்ளிக்கொண்டு பாய்கிறது. மின்காந்தம் பாடத்தில் ஆணியில் கம்பியைச் சுற்றி குண்டூசிகளை இழுத்தோமே, அதே தத்துவந்தான். அந்த ரப்பர்த் தட்டில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், வால்வு முழுதும் மூடாது, இரவெல்லாம் கசியும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும்.

மாடித் தொட்டித் தண்ணீரையே விட்டால் மோட்டார் எதற்கு என்று அம்மா ஒருமுறை கேட்டார்கள். நல்ல கேள்வி. 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஏறத்தாழ 1 கிலோ எடையால் அழுத்துகிறது. எங்கள் தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் நன்றாக விரிந்து தெளிக்க ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் தேவை. ஆகவே தொட்டி நீரை விட்டால் அது காலடியிலேயே கொப்பளித்து நிற்கும். அருகில் குளமும், தூரத்தில் பாலைவனமும் ஆகும்.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன். மழையை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள் அல்லவா? ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. உயரத்திற்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். இதை எங்கள் அறிவியல் சிஸ்டர் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோதுதான், எங்கள் புல்தரை குடிப்பதையும் லிட்டரில் சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அதற்கு வேண்டியது, ஸ்பிரிங்க்ளர் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ‘மழை’ பெய்கிறது என்பது மட்டுமே.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரே அளவுள்ள, பக்கங்கள் நேராக இருக்கும் எட்டு டின்கள் போதும். பால்பவுடர் டின் சேர்த்து வைக்காத வீடு உண்டா! அவற்றைப் புல்தரையில் அங்குமிங்குமாக வைத்து, பத்து நிமிடம் ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு, பிறகு ஒவ்வொன்றிலும் ஸ்கேலை விட்டு உயரம் பார்த்தேன். 9, 7, 6, 5, 4, 4, 3, 2 என்று மி.மீ. கணக்கில் கிடைத்தன. கூட்டினால் 40, சராசரி 5.

இந்த எட்டு எண்களில் எத்தனை செய்திகள் இருந்தன தெரியுமா? முதலாவது, பத்து நிமிடத்திற்கு 5 மி.மீ. என்றால் 60 சதுர மீட்டருக்கு 300 லிட்டர். அமைத்துக் கொடுத்தவர் பெட்டியில் வைத்துச் சென்ற கணக்கோ தினமும் 20 நிமிடம். அதாவது நாளொன்றுக்கு 600 லிட்டர்! நகரத்தில் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் திட்டமிடுகிறார்கள். நால்வருக்கு மேற்பட்டோருக்கு உரிய தண்ணீர் அது. இரண்டாவது, ஓர் இடத்தில் 9, மற்றோர் இடத்தில் 2. மூலையில் புல் மஞ்சளாகிறது என்பதற்காகத்தான் நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த மூலைக்கு இரண்டு பங்கு கொடுக்க, நடுப்பகுதிக்கு ஒன்பது பங்கு போயிருக்கிறது. பார்த்தால் மூலையில் இருந்த ஸ்பிரிங்க்ளரின் வாய் அடைத்திருந்தது. இன்னொன்று மண்ணில் புதைந்து, சாய்ந்து, மதில்சுவருக்கு நீராட்டிக்கொண்டிருந்தது.

அடைப்புக்குக் காரணம் எங்கள் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு. கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும் என்று படித்திருக்கிறோம். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் வாய் திறந்துகொண்டது. ஊசியால் குத்துவது கூடாது, துளை பெரிதாகிவிடும். சாய்ந்ததை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணைக் கெட்டித்து, மறுபடியும் டின்களை வைத்துப் பார்த்தால் எண்கள் நெருங்கி வந்திருந்தன. நேரத்தை மாற்றும் முன் தெளிப்பைச் சமன் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலோர் முதலில் பெட்டியைத்தான் திருகுகிறார்கள்.

சரி, புல்லுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? கோடை வெயிலில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. நீர் ஆவியாகப் போகிறது. குளிர்ந்த மாதங்களில் இதைவிடக் குறைவு. பசுமை சிறிதும் குறையாமல் இருக்க இந்த நீரைத் திருப்பித் தரவேண்டும். உயிரோடிருந்தால் போதும் என்றால் பாதியே போதும். எங்களுடையது அறுகம்புல். அது பழுத்துக் காய்ந்ததுபோல் கிடந்தாலும் வேர் சாகாது. ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். பாட்டி இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே சொன்னார்கள்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைவிட, சில நாளுக்கு ஒருமுறை நன்றாக விடுவதே மேல். மேல்மண் மட்டும் தினமும் நனைந்தால் வேரும் மேலேயே படர்ந்து நிற்கும். ஒருநாள் தண்ணீர் தவறினாலும் வாடும். ஆழம் வரை நனைத்துவிட்டுக் காயவிட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். எவ்வளவு ஆழம் நனைந்தது என்று அறிய ஒரு நீளமான ஸ்குரூடிரைவர் போதும். ஈரமண்ணில் எளிதாக இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். எப்போது விடவேண்டும் என்பதைப் புல்லே சொல்லும். அதன்மேல் நடந்தால் தாகமில்லாத புல் உடனே நிமிரும். தாகமுள்ள புல்லில் காலடி அப்படியே பதிந்து கிடக்கும்.

எங்கள் மண் களிப்பானது. எட்டு நிமிடத்திற்கு மேல் விட்டால் உறிஞ்ச முடியாமல் தெருவில் ஓடுகிறது. ஆகவே எட்டு எட்டு நிமிடமாக மூன்று தவணை, இடையில் அரைமணி ஓய்வு. மணற்பாங்கான மண்ணுக்கு இது பொருந்தாது. மணல் உடனே குடிக்கும், ஆனால் சேர்த்து வைக்காது. அங்கே குறைவாக, அடிக்கடி விடவேண்டும். நேரம் எங்கும் விடியற்காலைதான். காற்று குறைவு, வெயிலும் இல்லை. மாலையில் விட்டால் இரவு முழுதும் இலை நனைந்திருந்து பூஞ்சை நோய் பிடிக்கக்கூடும்.

விடியற்காலை என்றேனே, அதில்தான் எங்களுக்குச் சங்கடம். புல்லுக்கு நல்ல நேரமும் குடங்கள் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நான்கடி விட்டமுள்ள கிணற்றில் 600 லிட்டர் எடுத்தால் நீர்மட்டம் சுமார் அரை மீட்டர் இறங்கும். πr² போட்டு நீங்களே பார்க்கலாம். மழைக்காலத்தில் அது ஒன்றும் பெரிதல்ல. மே மாதத்தில் எங்கள் கிணற்றில் நிற்பதோ ஒரு மீட்டர் தண்ணீர். பாதிக் கிணறு! ஊற்று மறுபடி நிரப்ப நண்பகல் ஆகிவிடும். காலை ஆறு மணிக்கு வருகிறவர்களின் வாளியில் கலங்கல் வரும். “இன்னைக்கும் புல்லுக்கு விட்டுட்டீங்களாம்மா?” என்று ஓர் அக்கா அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடை பலருக்கும் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். இத்தனைக்கும் சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மி.மீ. மழை பெய்கிறது. பச்சைப் புல்வெளிகளுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் தலைநகரான லண்டனில் சுமார் 600 மி.மீ. தான்! அங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பெய்கிறது, வெயிலும் கடுமையில்லை. இங்கே பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மே மாதத்தில் கம்பளம்போல் பசுமை வேண்டும் என்ற ஆசை அந்த ஊர் வானத்துக்கு ஏற்றது. நம் வானத்தை மாற்ற முடியாதாகையால் ஆசையின் பரப்பைத்தான் குறைக்க வேண்டியிருந்தது.

அப்பாவிடம் தொலைபேசியில் கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நடுவில் உள்ளது மட்டும் இருக்கட்டும்மா” என்றார்கள். மதிலோரப் பாதியை எடுத்துவிட்டோம். அங்கே இப்போது செம்பருத்தியும் மல்லிகையும் இருக்கின்றன. குளியலறை நீர் போகும் ஓரத்தில் இரண்டு வாழை. மல்லிகைக்கு மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், சுவர் வழியே மெல்லக் கசிந்து வேருக்கே போகிறது. பானையை மூடுவது கொசுவுக்காக, மறந்துவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாமே தவிர, ஸ்பிரிங்க்ளரில் விடக்கூடாது.

எஞ்சிய 30 சதுர மீட்டர் புல்லுக்கு மே மாதத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறை 12 மி.மீ. கொடுக்கிறேன். மொத்தம் 360 லிட்டர். நாளொன்றுக்கு 90 லிட்டர் ஆகிறது. முன்பு 600. ஒரு குடத்திற்கு 15 லிட்டர் என்று வைத்தால் தினமும் 34 குடம் கிணற்றிலேயே நிற்கிறது. தெளிக்கும் நாளிலும் அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. புல் முன்போல் பளபளப்பாக இல்லை என்பது உண்மை. ஏப்ரல், மே மாதங்களில் ஓரங்கள் வைக்கோல் நிறமாகிவிடுகின்றன. வெட்டும்போது ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விட்டால் மண்ணுக்கு நிழல் கிடைத்து இந்தப் பழுப்பு குறைகிறது.

ஒரு சிறிய எச்சரிக்கை. இத்தனை கணக்கும் ஒரு மின்வெட்டில் அழிந்துபோகலாம். பெட்டிக்குள் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் பல டைமர்கள் நேரத்தை மறந்து தொழிற்சாலையில் வைத்த கணக்கிற்கே திரும்பிவிடும். அது பெரும்பாலும் தினந்தோறும் நீர் விடும் கணக்கு. ஆகவே பேட்டரியை ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும். மின்வெட்டுக்குப் பின் ஒருமுறை பெட்டியை எட்டிப்பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அடியோடு அணைத்துவிட வேண்டும். கொட்டும் மழையில் ஸ்பிரிங்க்ளர் சுழல்வதை எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்!

மாதவாரியாக எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஆண்டு நான் விடுதியில் தங்கிப் படிக்கப் போகக்கூடும். அப்போது அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து புரியவில்லை என்று அம்மா சொன்னதால், தம்பியைக்கொண்டு பெரிய எழுத்தில் மறுபடி எழுதி ஒட்டியாயிற்று.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி