நாய் மலத்தில் ரத்தம்: சிவப்பா, கறுப்பா? எப்போது ஆபத்து?

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள போளூர் போன்ற கிராமங்களில், நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நினைத்த நேரத்தில் டாக்டரிடம் போய்விட முடியாது. அதனால் மலத்தில் ரத்தம் கண்டால் பொறுத்துப் பார்க்கலாமா, உடனே கிளம்பணுமா என்று தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நிறம் என்ன சொல்கிறது?

பளிச்சென்ற சிவப்பு என்றால் பெருங்குடல் அல்லது ஆசனவாய்ப் பகுதியில் கசிவு. எலும்புத் துண்டு கீறியிருக்கலாம், மலச்சிக்கல், குடல் அழற்சியாகவும் இருக்கலாம். தார் மாதிரி கறுப்பாகப் போனால் ரத்தம் வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்து செரித்து வருகிறது என்று பொருள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளைக் கொடுத்தால் இப்படி வயிற்றுப்புண் வரலாம்.

குட்டி என்றால் தாமதம் கூடாது

தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தி, சோர்வு, நாற்றத்துடன் ரத்தப்பேதி இருந்தால் முதல் சந்தேகம் பார்வோ வைரஸ். 1978-ல் உலகின் பல நாடுகளில் கண்டறியப்பட்ட இந்த நோய், 1980-களின் தொடக்கத்திலேயே இந்தியாவிலும் பதிவானது. சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு, மூன்று நாளில் உயிர் போய்விடலாம். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆனால் குளுக்கோஸ் ஏற்றி நீரிழப்பைச் சரிசெய்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன. வெயில் படாத, குளிர்ந்த மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும் என்பதை மலை ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது.

கொக்கிப்புழுவும் குட்டிகளின் ரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுத்துப்போவது அதன் அடையாளம். தாய்ப்பால் வழியாகவே இது குட்டிக்கு வந்துவிடும்.

எலி மருந்து, உண்ணி

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற நாய்க்கு, சில நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தெரியும். வைட்டமின் கே சிகிச்சை உண்டு, சீக்கிரம் போகணும். உண்ணிக் காய்ச்சலிலும் ரத்தத்தட்டுகள் குறைந்து கசிவு வரலாம்.

என்ன செய்யலாம்?

வளர்ந்த நாய், ஒரே ஒரு முறை லேசான சிவப்பு, வழக்கம்போல சாப்பிட்டு ஓடியாடுகிறது என்றால் ஒரு நாள் கவனிக்கலாம். கறுப்பு மலம், அதிக ரத்தம், வாந்தி, வெளுத்த ஈறு, எழ முடியாத சோர்வு, குட்டி நாய்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் மலம், தடுப்பூசி அட்டை, எலி மருந்து கவர் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை 3, 4 வார இடைவெளியில் தடுப்பூசி, கூடவே குடற்புழு நீக்க மருந்து. குட்டியைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி இல்லை.