மருத்துவச்சி போன பிறகு

இடுப்பு வலி கண்டதும் மருத்துவச்சி வீட்டுக்கு ஆள் ஓடும். நடுச்சாமமானாலும் அடைமழையானாலும் அவர் வந்துவிடுவார். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலான பிள்ளைகள் பிறந்தது இப்படித்தான். மாமியாரோடு கூடப் போய்ப் பார்த்துப் பழகிய கை அது. குழந்தை தலைகீழாக இருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்று வயிற்றைத் தடவியே சொல்லிவிடும். கூலி நெல்லும் ஒரு சேலையும்.

அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உதிரப்போக்கு நிற்காவிட்டால் அவரிடம் ஊசியும் இல்லை, ஏற்ற ரத்தமும் இல்லை. கொடி அறுத்த கத்தி சுத்தமில்லை என்றால் சில நாளில் குழந்தைக்கு ரணஜன்னி வரும். ஒன்றைப் பெற்று ஒன்றைப் பறிகொடுத்த தாய்மார் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

செவிலியரும் மருத்துவச்சியும் பதிவு செய்துகொள்வதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. பதிவு பெற்றவர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தார்கள். பதிவில்லாதவரிடம் கிராமத்துப் பெண் விரும்பிப் போனாள் என்று சொல்வதில் நியாயமில்லை. அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருந்தார். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான்.

இப்போதுதான் சிலர் வீட்டுப் பிரசவத்தை உரிமையாகக் கேட்கிறார்கள். 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிள்ளை பெற முயன்ற இளம்பெண் ஒருவர் உதிரப்போக்கில் இறந்துபோனார். துணை நின்றவர்கள் யூடியூப் பார்த்துச் செய்தார்கள் என்று செய்திகள் சொல்லின. பழைய மருத்துவச்சி நூற்றுக்கணக்கான பிரசவம் கண்டவர். தப்பு நடந்தால் மறுநாள் அதே தெருவில் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டியவர். திரையில் பேசுகிறவருக்கு அந்த அனுபவமும் இல்லை, அந்தப் பொறுப்பும் இல்லை.

என் உடம்பு, என் முடிவு என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். சட்டமும் அதில் கைவைக்கவில்லை. 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அவரிடம் போன நோயாளிக்குத் தண்டனை சொல்லவில்லை. இது சரியான கோடு. அதிலும் பிரசவத்தில் இன்னொரு உயிர் இருக்கிறது, அதைக் கேட்டு யாரும் முடிவெடுப்பதில்லை.

ஆனால் மருத்துவமனையைக் கண்டு பெண்கள் ஏன் மிரள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60-க்கும் மேல். வலியில் கத்தினால் அதட்டல் வேறு. மருத்துவச்சியிடம் இருந்த பொறுமை, இடுப்பைப் பிடித்துவிட்ட கை, காதோரம் பேசிய தைரியம் எல்லாம் அங்கே கிடைக்காதபோது வீட்டுப் பிரசவப் பேச்சு காதில் இனிக்கிறது.

சுகப்பிரசவத்தைப் பார்க்கவென்றே செவிலியருக்குத் தனிப் பயிற்சி தரும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018-ல் வெளியிட்டது. உரிமமும் மருத்துவச்சியின் பொறுமையும் ஒரே ஆளிடம் சேர அதுதான் வழி. அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவரையாவது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அமர்த்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.