ஏறும் எண்ணெய் விலையும் எளியோர் வாழ்வும்

இருங்காட்டுக்கோட்டைச் சிப்காட் வளாகத்தின் அருகே விடியற்காலையில் நிற்பவர் இரு காட்சிகளைக் காணலாம். ஒருபுறம், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரம் சரக்கேற்றும் முறைக்காகக் காத்திருக்கும் லாரிகளின் நீண்ட வரிசை. மறுபுறம், தொழிற்சாலைகளுக்குத் தப்பி எஞ்சிய வயல்களில் அசையும் டிராக்டரின் விளக்கொளி. 1998ஆம் ஆண்டில் ஹுண்டாய் கார்த் தொழிற்சாலை இங்கே உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் உலகறிந்த தொழில் மையமாயிற்று. அந்த லாரிக்கும் இந்த டிராக்டருக்கும் உணவு ஒன்றே. அது டீசல்.

2021ஆம் ஆண்டு ஐப்பசியில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சகோதரர் இருவர் நம்மைக் காண வந்தனர். மூத்தவர் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடுபவர். இளையவர் கடனுக்கு வாங்கிய ஒரே லாரியின் உரிமையாளர், ஓட்டுநரும் அவரே. "சுவாமி, தகப்பனார் வைத்துப்போன நிலத்தை விற்று லாரிக் கடனை அடைக்கலாமா?" என்பதே அவர்கள் கொண்டுவந்த கேள்வி. கேட்டவர் மூத்தவர். இளையவரோ தலை குனிந்து நின்றார்.

இளையவரின் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தோம். 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னையில் லிட்டர் 68 ரூபாய் அளவில் இருந்த டீசல், 2021 அக்டோபர் இறுதியில் 102 ரூபாயைத் தாண்டிற்று. ஓசூர் சென்று திரும்ப ஏறத்தாழ 550 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 137 லிட்டர் வேண்டும். ஆக, ஒரே நடையில் கூடுதல் செலவு நாலாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். வாடகையோ பழைய வாடகை. சுங்கச்சாவடிக் கட்டணமும், வண்டிக் காப்பீடும், மாதத் தவணையும் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

மூத்தவரின் கணக்கு இன்னும் எளிது. தமிழக உழவனுக்குப் பாசன மோட்டாருக்கான மின்சாரம் இலவசம். ஆனால் உழவு மாடுகள் அருகிவிட்ட நம் ஊர்களில், உழுவதும் அறுப்பதும் டீசலே. டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் மணிக்கணக்கில் வாடகை. எண்ணெய் ஏறினால் வாடகையும் ஏறும். அந்த ஒன்றரை ஆண்டில் டீசல் விலை பாதியளவு உயர்ந்தது. சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலையோ குவிண்டாலுக்கு 1,868 ரூபாயிலிருந்து 1,940 ரூபாயாயிற்று. அதாவது நூற்றுக்கு நான்கு கூட முழுமையாக உயரவில்லை.

இதற்குக் காரணம் யாது? நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. 2014 அக்டோபரில் டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. உலக விலை குறைந்தால் இங்கும் குறையும் என்பது அதன் நியாயம். ஆனால் 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தபோது, மே மாதத்தில் டீசல் மீதான கலால் வரி லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தப்பட்டது. அரசுக்கும் அன்று வருவாய் தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், இறங்கிய விலை ஏழையை எட்டவில்லை. ஏறிய விலை தவறாமல் எட்டிற்று. பின்னர் 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மேயில் 6 ரூபாயும் வரி குறைக்கப்பட்டது உண்மையே. அதற்குள் கடன்பட்டவர்கள் கடன்பட்டுவிட்டனர். 2018 ஜூலையில் லாரி உரிமையாளர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்து, டீசலைச் சரக்கு மற்றும் சேவை வரியின்கீழ்க் கொண்டுவருமாறு வேண்டினர். அக்கோரிக்கை அன்று நிறைவேறவில்லை.

ஆயினும் குறை முழுவதையும் அரசின் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ இயலாது. பெரிய போக்குவரத்து நிறுவனங்களின் ஒப்பந்தங்களில், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அவர்களிடமிருந்து இடைத்தரகர் வழியாக நடை பெறும் ஒற்றை லாரிக்காரருக்கோ அந்த உயர்வு அரிதாகவே வந்து சேர்கிறது. "இஷ்டமிருந்தால் ஏற்று, இல்லையேல் போ" என்பதே அவருக்குக் கிடைக்கும் ஒப்பந்தம். தவணை நெருக்கும்போது அவர் ஏற்காமல் என் செய்வார்? வறுமையின் நெருக்கடியால் ஒருவன் சம்மதித்தான் என்பதனாலேயே அவனுக்குத் தரும் கூலி நீதியாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே தமது சுற்றுமடலில் போதித்தார். மோசேயின் சட்டமோ, சூடு மிதிக்கும் மாட்டுக்கும் உண்ணும் உரிமையைக் காத்தது. மாட்டுக்குள்ள உரிமை மனிதனுக்கு இல்லையோ?

நம் பங்குகளில் தொழிற்சாலை அலுவலர்கள் உளர். சரக்கு ஒப்பந்தக்காரர் உளர். லாரி அமர்த்தும் தரகரும் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இது: சரக்கு இறங்கியபின் வாடகையை மாதக்கணக்கில் நிறுத்திவையாதீர்கள். டீசல் ஏறிய அளவை வாடகையில் சேர்த்துக் கொடுங்கள். அது தருமமன்று, கடன். உழவர்களும் தனித்தனியே நின்று வாடகை கொடுத்து நலிய வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் குறைந்த வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியே பதிவு செய்யலாம். பக்கத்து வயல்காரர் நால்வர் ஒரே நாளில் உழுவித்தால் இயந்திரம் வந்துபோகும் எண்ணெயாவது மிஞ்சும்.

அந்தச் சகோதரர்களின் முடிவைக் கேட்க வாசகர்கள் விரும்புவீர்கள். நிலம் விற்கப்படவில்லை. "அண்ணன் சோற்றை விற்று என் வண்டி ஓட வேண்டாம்" என்று கூறி, இளையவர் லாரியை விற்றார். இன்று பிறருடைய லாரியை ஓட்டுகிறார். விற்குமுன், முகப்பில் ஒட்டியிருந்த புனித கிறிஸ்தோபரின் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டார். அறுவடை முடிந்ததும் மூத்தவர் முதல் மூட்டையைத் தம்பியின் வீட்டில் இறக்கினார்.

ஏறிய விலையை அவர்களால் இறக்க முடியவில்லை. ஒருவர் சுமையை ஒருவர் தாங்க முடிந்தது. ஒரு குடும்பத்தால் இயன்றது ஒரு பங்குக்கு இயலாதா?