கன்று ஈன்ற பசுவும் அதன் கல்லீரலும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து பள்ளிக்கு வரும் எங்களில் பலருடைய வீடுகளில் ஒன்றோ இரண்டோ கறவை மாடுகள் உண்டு. விடியற்காலையில் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் அன்னையர் மற்ற வேலைகளைத் தொடங்குவர். எங்கள் நோட்டுப் புத்தகமும் சீருடையும் பெரும்பாலும் பால் பணத்தில் வந்தவையே. ஆகையால் மாடு கன்று ஈனும் நாள் எங்களுக்கு ஒரு திருநாள். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்து அண்டை வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவோம்.

ஆனால் இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் சில வீடுகளில் கவலை சூழ்ந்துவிடுகிறது. நன்றாகக் கறந்துகொண்டிருந்த மாடு திடீரெனப் பாலைக் குறைக்கிறது. புண்ணாக்கும் தவிடும் கலந்த தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வைக்கோலை மட்டும் மெல்லுகிறது. நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிய மெலிகிறது. "யார் கண் பட்டதோ!" என்று பாட்டிமார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார்கள். உண்மையில் அது கண்ணேறு அன்று. மாட்டின் கல்லீரல் தன் சக்திக்கு மீறிய வேலையில் சிக்கிக்கொண்டதால் வரும் கீட்டோசிஸ் என்னும் நோய் அது.

நாம் சோறு உண்டால் அதிலுள்ள மாவுப்பொருள் குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். பசுவின் கதை வேறு. அது தின்னும் வைக்கோலையும் தவிட்டையும் முதல் இரைப்பையிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. சர்க்கரையாகக் குடலுக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சமே. அந்த அமிலங்களுள் புரோபியோனிக் அமிலம் என்பது முக்கியமானது. அதைக் கொண்டு கல்லீரல்தான் புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது. பசு எவ்வளவு தின்றாலும் அதன் இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்கும் சமையற்கட்டு கல்லீரலே.

அந்தச் சமையற்கட்டின் வேலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் பாலில் சுமார் 48 கிராம் பால் சர்க்கரை உள்ளது. மொத்தத்தில் ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் செலவாகிறது. நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின ஜெர்சிக்கு 700 கிராம்! இரண்டு லிட்டர் கறக்கும் நாட்டு மாட்டுக்கோ 140 கிராம் போதும். இந்நோய் அதிகம் கறக்கும் மாட்டையே தேடி வருவதன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

கன்று ஈன்றதும் பால் வேகமாகப் பெருகி ஐந்தாறு வாரங்களில் உச்சத்தை எட்டுகிறது. மாட்டின் பசியோ அவ்வளவு விரைவாகப் பெருகுவதில்லை. வயிறார உண்ணும் நிலை வருவதற்கு எட்டு பத்து வாரங்கள் ஆகின்றன. இடையிலுள்ள பற்றாக்குறையைத் தன் உடல் கொழுப்பைக் கரைத்தே மாடு ஈடுகட்டுகிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரலை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்வோம். அளவாக விறகு வைத்தால் நன்றாக எரியும். ஒரேயடியாகத் திணித்தால் அரைகுறையாக எரிந்து புகையும். அந்தப் புகைதான் கீட்டோன்கள். எரியாத விறகு அடுப்படியிலேயே குவிகிறது. அதுவே கல்லீரலில் கொழுப்புப் படிதல். அப்படிப் படிந்த கல்லீரலால் குளுக்கோஸும் சரியாகச் செய்ய இயலாது. கீட்டோன் மிகுந்தால் பசி மேலும் குறையும். பசி குறைந்தால் கொழுப்பு மேலும் கரையும்.

இதில் இரண்டு செய்திகள் எங்களுக்கு வியப்பாக இருந்தன. சினைக் காலத்தில் கொழுகொழுவென்று இருக்கும் மாட்டைப் பார்த்து ஊரார் மெச்சுவார்கள். அந்த மாட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். அது கன்று ஈன்றபின் குறைவாகத் தின்று, நிறையக் கொழுப்பைக் கரைக்கிறது. இன்னொன்று, சங்கத்தில் பாலின் கொழுப்பைப் பார்த்து விலை போடுகிறார்கள். கீட்டோசிஸ் தொடங்கும் மாட்டின் பாலில் கொழுப்பு அளவு ஏறக்கூடும். "இன்று கொழுப்பு நன்றாக வந்திருக்கிறது" என்று மகிழ்கிறோம். பாவம், அது மாட்டின் உடம்பிலிருந்து உருகி வந்தது!

சில மாடுகளின் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வீசும். அது அசிட்டோன். நாள் கணக்கில் பட்டினி கிடப்பவர்க்கும், சர்க்கரை நோய் முற்றியவர்க்கும் இதே வாடை வருவதுண்டு. மாட்டின் சிறுநீரில் கீட்டோன் உள்ளதா என்று அறிய 1908இல் ரோதெரா என்னும் அறிவியலார் வெளியிட்ட சோதனை இன்றும் பயன்படுகிறது. கீட்டோன் இருந்தால் ஊதா நிறம் தோன்றும். கன்று ஈன்ற ஓரிரு நாளிலேயே மாடு எழ முடியாமல் படுத்துக் காது சில்லிட்டுப் போவது வேறு நோய். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் பால் காய்ச்சல். அதற்கு ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

சோர்ந்த மாட்டுக்கு வெல்லம் கரைத்துக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நமக்குக் குளுக்கோஸ் தண்ணீர் போல அது உடனே உதவாது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அதையும் புளிக்கவைத்துவிடும். அளவு மீறினால் வயிறும் கெடும். ஆகவேதான் மருத்துவர் குளுக்கோஸை நேராக இரத்தக் குழாயில் ஏற்றுகிறார். பிறகு சில நாட்களுக்கு வாய்வழியாகப் புரொப்பிலீன் கிளைக்கால் கொடுக்கச் சொல்கிறார். அதைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும். 1994இல் தொடங்கப்பட்ட குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருப்பது நம் நற்பேறு.

வருமுன் காக்கவும் வழி உண்டு. பால் வற்றிய இரண்டு மாதங்களில் மாட்டைக் கொழுக்கவும் விடக்கூடாது, வெறும் வைக்கோலோடு நிறுத்தவும் கூடாது. ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கலப்புத் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கினால், நுண்ணுயிர்களும் இரைப்பையின் உட்சுவரும் வரப்போகும் தீவனத்துக்குத் தயாராகிவிடும். ஈன்றபின் ஒரேநாளில் தொட்டியை நிரப்பாமல் படிப்படியாகக் கூட்டவேண்டும்.

"கறக்காத மாட்டுக்குத் தீவனம் வாங்கப் பணம் எங்கே?" என்று எங்கள் அன்னையர் கேட்பது நியாயமே. நாளொன்றுக்குச் சராசரி ஒன்றரைக் கிலோ என்றால் இருபது நாளுக்கு முப்பது கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். பால் பணம் வராத மாதத்தில் அதை வாங்குவதுதான் கடினம். போன கறவையிலேயே சிறிது ஒதுக்கி வைத்து வாங்குகிற வீடுகளும் எங்கள் ஊர்களில் உண்டு.