பெரிய மோட்டார் வாங்கும் முன் கயிறு கட்டி அளந்து பாருங்கள்!

சித்திரை பிறந்துவிட்டால் தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிணற்று மேடுகளில் ஒரே புகார்தான். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆதனூர் என்று வீட்டுமனைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் தோட்டக் கிணறாக இருந்தாலும், வீட்டுக் கொல்லைக் கிணறாக இருந்தாலும் கதை ஒன்றுதான். தை மாதம் வரை குழாய் நிறையத் தண்ணீர் கொட்டிய அதே 3 ஹெச்.பி. மோட்டார், கத்திரி வெயிலில் வெறும் காற்றை வாங்கிக்கொண்டு ஓடும்.

முதலில் கிளாண்ட் கயிறு மாற்றுவார்கள். அடுத்து இம்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பார்கள். கடைசியில், "பழைய மோட்டார், இழுவை போயிடுச்சு. 5 ஹெச்.பி. போட்டுடலாம்" என்பார்கள். நகையை அடகு வைத்துப் புது மோட்டார் மாட்டிய பிறகும் தண்ணீர் ஏறாது. காரணம், குறை மோட்டாரில் இல்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் எந்த பம்பும், 3 ஹெச்.பி. ஆனாலும் 30 ஹெச்.பி. ஆனாலும், நடைமுறையில் சுமார் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது.

தண்ணீரை ஏற்றுவது காற்று

இளநீரில் குழல் வைத்து உறிஞ்சும்போது என்ன நடக்கிறது? வாய், குழலுக்குள் இருக்கும் காற்றை மட்டும் எடுக்கிறது. வெளியே உள்ள காற்று இளநீரை அழுத்தி மேலே தள்ளிவிடுகிறது. பம்ப் செய்வதும் இதே வேலைதான். உறிஞ்சு குழாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று, தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது.

அந்தக் காற்றின் அழுத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. அது தாங்கி நிறுத்தக்கூடிய தண்ணீர்த் தூண் 34 அடி உயரம்தான். குழாய் உராய்வு, வளைவுகள், ஃபுட் வால்வு என்று வழியில் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால் கைக்குக் கிடைப்பது 22 முதல் 25 அடி.

ஹெச்.பி. கூடினால் பம்ப் தண்ணீரை மேலே *தள்ளும்* உயரமும் அளவும் கூடலாம். *உறிஞ்சும்* ஆழம் கூடாது. பெரிய பம்ப் வேகமாக இறைப்பதால் நீர்மட்டம் விரைவாக இறங்கி, முன்பு ஒரு மணி நேரம் ஓடியது அரை மணியில் காற்று வாங்குவதும் உண்டு.

ஊட்டி போன்ற மலைப்பகுதியில் இந்த எல்லை இன்னும் குறைவு. அங்கே காற்று லேசானது. 34 அடி என்ற கணக்கு அங்கே ஏறத்தாழ 26 அடியாகிவிடும். நடைமுறையில் அதற்கும் குறைவுதான்.

அன்றே சொன்ன பழுதுபார்ப்பவர்

இதை முதலில் உலகுக்குச் சொன்னது ஒரு பம்ப் பழுதுபார்க்கும் தொழிலாளி என்று சொல்லலாம். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் இந்தச் செய்தி வருகிறது. நீர்மட்டம் இறங்கியதும் பம்ப் வேலை செய்யாமல் போகிறது. பம்ப் பழுது என்று ஆளைக் கூப்பிடுகிறார்கள். வந்தவரோ, குறை பம்பில் இல்லை, தண்ணீர்தான் கீழே போய்விட்டது என்கிறார். பம்ப் சிறிதானாலும் பெரிதானாலும் அந்த ஊர் அளவில் 18 கைக்கு மேல் தண்ணீர் ஏறாது என்றும் சொல்கிறார். அது நம் கணக்கில் சுமார் 34 அடி. காரணத்தைப் பின்னர் 1640-களில் கலிலியோவின் சீடர் டாரிசெல்லி, தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை வைத்து விளக்கினார். பாதரசம் 76 சென்டிமீட்டர்தான் நின்றது. 13.6-ஆல் பெருக்கினால் அதே 34 அடி!

நம் முன்னோரின் ஏற்றத்துக்கும் கவலைக்கும் இந்த எல்லை கிடையாது. சாலும் பறியும் தண்ணீருக்குள்ளேயே இறங்கி மொண்டு வந்தன. உறிஞ்சும் வேலையே அங்கு இல்லை.

தாம்பரம் கிணறுகளின் குணம்

பல்லாவரம், திரிசூலம், பச்சைமலைக் குன்றுகளில் தெரியும் கருநீலக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்தப் பகுதிப் பாறை வகை. அதனால் அந்தப் பெயர் வந்தது. இந்தக் கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் நிற்காது. அதன் மேலே மக்கிய பாறையிலும், வெடிப்புகளிலும்தான் நிற்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மளமளவென்று ஏறும் கிணறு, சித்திரை, வைகாசியில் அதே வேகத்தில் இறங்கும். 15 அடியில் இருந்த தண்ணீர் 25 அடியைத் தாண்டும் நாளில் மோட்டார் 'பழுதாகிறது'.

அரை மணி நேரச் சோதனை

* நீளக் கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளவும். பம்பின் நடு மட்டத்திலிருந்து நீர்மட்டம் வரை அளக்கவும். மோட்டார் ஓடி, தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில் அளப்பதுதான் சரியான அளவு. காலையில் ஊறி நிற்கும் மட்டம் ஏமாற்றும்.
* அளவு 20 அடிக்குள் இருந்தால் கோளாறு வேறு இடத்தில். மோட்டாரை நிறுத்தி, குழாயில் தண்ணீர் நிரப்பி கால் மணி நேரம் விடவும். தண்ணீர் இறங்கினால் ஃபுட் வால்வு வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது குப்பை மாட்டியிருக்கும்.
* உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால், பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். எனவே கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும். ஊதுவத்திப் புகையும் காட்டிக்கொடுக்கும். அவசரத்துக்குச் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றலாம்.
* உறிஞ்சு குழாய், பம்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வளைவுகள் குறைவாக இருக்கட்டும். நடுவில் மேடு தட்டினால் அங்கே காற்று தங்கிவிடும்.

25 அடியைத் தாண்டினால்?

பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் தீர்வு. கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைப்பது பழைய வழி. அப்படி வைத்தவர்கள் புரட்டாசிக்குள் மேலே ஏற்றிவிட வேண்டும். மழையில் கிணறு ஒரே இரவில் ஏறி மோட்டாரை மூழ்கடித்துவிடும். திறந்த கிணற்றுக்கான நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தண்ணீருக்குள் இருந்து தள்ளுகிறது, உறிஞ்சுவதில்லை.

கிணற்றில் இறங்கும்போது உயிர்தான் முக்கியம். மெயினை நிறுத்தி ஃபியூஸ் கேரியரைக் கழற்றி, இறங்குபவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரைக் கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரியும் விளக்கை இறக்கிப் பார்த்தாலும் இந்த வாயு தெரியாது. உள்ளே ஒருவர் மயங்கினால், காப்பாற்ற அடுத்தவர் குதிக்காமல் 112-க்கு அழைக்க வேண்டும். ஒருவரைத் தேடி இறங்கி இரண்டாமவரும் போன வீடுகள் உண்டு.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

*குழாயை நீட்டி ஃபுட் வால்வை இன்னும் ஆழத்தில் இறக்கினால் தண்ணீர் ஏறாதா?*
ஏறாது. கணக்கு நீர்மட்டத்திலிருந்துதான், ஃபுட் வால்விலிருந்து அல்ல.

*வீட்டு போர்களில் ஜெட் பம்பும் கம்ப்ரசரும் மேலேயே இருக்கின்றனவே, அவை எப்படி ஆழத்திலிருந்து எடுக்கின்றன?*
இரண்டும் கீழே எதையாவது அனுப்புகின்றன. ஜெட் பம்ப், எடுத்த தண்ணீரில் ஒரு பகுதியை இன்னொரு குழாய் வழியே கீழே அனுப்பி, அங்குள்ள தண்ணீரைத் தள்ளிவருகிறது. கம்ப்ரசர் காற்றை அனுப்புகிறது. காற்றுக் குமிழி கலந்த தண்ணீர் லேசாகி மேலே வருகிறது. தண்ணீர் குறைவாக ஊறும் குறுகிய போருக்கு இது உதவும். ஆனால் எடுக்கும் தண்ணீருக்கு மின்செலவு அதிகம்.

ஒரு கயிறு, ஒரு கல், அரை மணி நேரம். மோட்டார் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய செலவு இவ்வளவுதான்.